தார்ப்பாய்க்கு அடியில் இருந்த தூண்டில் கோல்

இந்த மண்டபத்தில் எத்தனையோ தகராறுகளை இதே மேசையைத் தட்டி அடக்கியவரும், இன்றைய இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருப்பவருமான எங்கள் சங்கத் தலைவர் வில்மா கோசாக் அவர்களே! முன்வரிசையில் கண்ணீரும் சிரிப்புமாக மாறி மாறி அமர்ந்திருக்கும் எங்கள் டெல்மரின் மனைவி, அன்புக்குரிய ஆர்டிஸ் ஹாக்லண்ட் அம்மையாரே! டாமராக் ஏரி கொக்கனி மீன் சங்கத்தின் உறுப்பினர்களே! அந்த உறுப்பினர்களின் மீன்கதைகளை ஆண்டுக்கணக்காகப் பொறுத்துக்கொண்டு இன்னும் விவாகரத்து கேட்காத கணவன்மார்களே, மனைவிமார்களே! உங்கள் எல்லோருக்கும் ராலி ஸ்டப்ஸின் வணக்கம்.

பின்னால் மேசையில் அடுப்பில் சுட்ட பதினொரு தட்டு காசரோல் இருக்கிறது. ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட நான்கு பை இருக்கிறது. எல்லாம் ஆறிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஏனென்றால் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறது. மொத்தமே மூன்று சொற்கள். டெல்மர் ஹாக்லண்ட் உயிரோடு இருந்தபோது அதைச் சொல்ல எனக்கு இருபத்தாறு வருடம் இருந்தது. நான் சொல்லவில்லை. இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். வருமா, வராதா, பார்ப்போம்.

நண்பர்களே! யார் இந்த டெல்மர் ஹாக்லண்ட்? படகுத் துறைக்கு மேலே, மண்வழி திரும்பும் இடத்தில், பச்சைத் தகரக் கூரை போட்ட தூண்டில் கடைக்காரர். அவ்வளவுதானா? இந்தச் சங்கத்தின் நிறுவனர். அவ்வளவுதானா? இல்லை! இந்த ஏரியில் கொக்கனி பிடிக்கிற ஒவ்வொருவர் கையிலும் எந்தக் கோல் இருக்க வேண்டும், அதில் தூண்டில் நரம்பு சுற்றும் எந்த ரீல் உட்கார வேண்டும் என்பதை ஒரு டாக்டர் மருந்து எழுதுவது போல எழுதிக்கொடுத்த மனிதர் அவர்!

மற்ற கடையில் நீங்கள் கோல் வாங்கப் போனால் என்ன செய்வார்கள்? சுவரைக் காட்டுவார்கள். டெல்மர் என்ன செய்வார்? கையை நீட்டுவார். முதலில் கைகுலுக்கல், அப்புறம்தான் கோல். நீங்கள் எப்படிக் குலுக்குகிறீர்கள் என்று பார்த்தே, மீன் கடித்ததும் நீங்கள் என்ன அட்டகாசம் செய்வீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். நான் முதன்முதலில் அந்தக் கடைக்குள் நுழைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிசௌரியில் பாஸ் மீன் பிடித்து வளர்ந்தவன் நான். பாஸ் மீனுக்கு வாய் செருப்புத்தோல் மாதிரி. கடித்ததும் கோலை வானத்துக்குத் தூக்கி ஒரு வெட்டு வெட்டினால்தான் முள் இறங்கும். அந்தப் பழக்கத்தோடு, ஏழடி நீள விறைப்பான கிராஃபைட் கோலைத் தோளில் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். டெல்மர் கைகுலுக்கினார். பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, நீ மீனைப் பிடிக்க வந்தியா, இல்ல பல்லைப் பிடுங்க வந்தியா?"

"இந்தக் கோலுக்கு என்ன குறைச்சல்? நல்ல உறுதியான கோல்."

"உறுதிதான். வீட்ல வெளக்குமாறு ஒடைஞ்சா மாட்டிக்கலாம்."

அன்று ஆரம்பித்த சண்டை, நண்பர்களே! இருபத்தாறு வருடம்! இந்த மண்டபத்தில், அந்தக் கடையில், படகில், சலூனில், ஒருமுறை என் மகளின் கல்யாணத்தில், பாதிரியார் வருவதற்குள்.

அன்று எனக்கும் அந்த ஈரக் காகிதப் பரீட்சையை வைத்தார். இங்கே இருப்பவர்களில் அதை எழுதாதவர் யார்? நேற்றைய செய்தித்தாளிலிருந்து ஒரு பட்டை கிழிப்பார். இரை வாளித் தண்ணீரில் நனைப்பார். ஒரு முனையை இரைக்கு வைத்திருக்கும் சோள ஜாடிக்கு அடியில் வைப்பார். மறுமுனையில் உங்கள் தூண்டில் முள்ளைக் குத்துவார். "மூணு அடி பின்னால நட" என்பார். மெலிந்த கண்ணாடிநார்க் கோலாக இருந்தால், அது வளைந்து வளைந்து வட்டமாகிவிடும், ரீல் வெண்ணெய் மாதிரி நரம்பை விட்டுக்கொடுக்கும், காகிதம் அப்படியே இருக்கும். என் கோலோடு நான் நடந்தேன். அரை அடி கூடப் போகவில்லை. காகிதம் கிழிந்தது. கிழிந்ததோடு நிற்காமல் முள் பறந்து வந்து என் தொப்பியில் குத்தி நின்றது.

"இதுதான்யா கொக்கனியோட வாய்," என்றார் டெல்மர். "கடலையே பாக்காத குட்டி சால்மன். கோபம் மட்டும் பெரிய சால்மன் அளவுக்கு இருக்கும். வாய் நனைஞ்ச காகிதம். நீ இழுத்தா மீன் வராது, உதடுதான் வரும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காகிதம் பழசு" என்றேன்.

இந்த இடத்தில்தான் இந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதோ, தலைவர் முன்னால் இருக்கிறதே, தலையில் தட்டினால் டிங் என்கிற பித்தளை மணி. ஹைவேயில் மூடிப்போன ஏதோ ஓட்டலில் இருந்து டெல்மர் கொண்டுவந்தது. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாதக் கூட்டத்தில், படகுப் பக்கம் வரை வந்த மீனைத் தவறவிட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து இந்த மணியைத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு "தப்பு என் மேலதான்" என்று சொல்ல வேண்டும். உடனே போய் உட்கார்ந்துவிட வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. அது டெல்மர் போட்ட விதி. "காரணம் சொல்ல விட்டா, நாம எல்லாரும் விடியற வரைக்கும் இங்கதான் இருப்போம்" என்பார். அவரே எத்தனை முறை தட்டியிருக்கிறார்! ஒரே கூட்டத்தில் நான்கு முறை தட்டிய மாதமும் உண்டு. தட்டிவிட்டு, பரிசு வாங்கியவர் மாதிரி சிரித்துக்கொண்டே போய் உட்காருவார்.

இந்த மண்டபத்தில் இந்த மணியைத் தட்டாத கை ஒன்றே ஒன்றுதான். அது இந்தக் கை.

நான் மீனைத் தவறவிட்டதில்லையா? ஐயோ! நான் தவறவிட்ட மீன்களை வரிசையாக வைத்தால் படகுத்துறையிலிருந்து தேவாலயம் வரைக்கும் வரும். ஆனால் ஒருநாளும் அது என் தவறில்லை. காற்று அடித்தது. படகு வேகம் போனது. சோளம் ஊறவில்லை. மீன் அவசரப்பட்டது. ஆமாம், அப்படியும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது.

டெல்மர் செய்த தொண்டுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று தலைவர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தலைவரைப் பற்றியே பேசிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் இந்த மாவட்டத்துப் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர் வில்மா. பனியிலும் ஓட்டினார், சேற்றிலும் ஓட்டினார். ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் பக்கவாதம் வந்தது. வலது கை மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. படகை விற்கப்போவதாகத் துறையில் ஒரு அட்டை எழுதி ஒட்டினார். மறுநாள் காலையில் அந்த அட்டை அங்கே இல்லை. கிழித்தது யார்? டெல்மர் ஹாக்லண்ட்! கிழித்ததோடு நேராக வில்மா வீட்டுக்குப் போய் நின்றார்.

"கையக் குடு."

"எந்தக் கைய? ஒண்ணுதான்யா வேல செய்யுது."

"வேல செய்யாத கையோட எனக்கென்ன வேல? நல்ல கையக் குடும்மா."

மூன்று வாரம் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கோல் கட்டினார். எட்டடிக் கோல். தோகை மாதிரி லேசு. கைப்பிடி மட்டும் நீளம், கோலை அக்குளில் இடுக்கிக்கொள்ள வசதியாக. அதில் ஒரு சின்ன ரீல், இடது கையால் சுற்றுகிற மாதிரி. அந்த ரீலைத் தேர்ந்தெடுக்க அவர் பட்ட பாடு! பதினாலு ரீலைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் காதருகே வைத்து நரம்பை இழுத்து, மெக்கானிக் இஞ்சின் கேட்பது போலக் கேட்டார். திக்கித் திக்கி நரம்பை விடுகிற ரீலைத் திருப்பி அனுப்பினார். திக்காமல் சீராக விடுகிற ரீல் ஒன்று கிடைத்தது. நரம்பை இறுக்கவும் தளர்த்தவும் செய்கிற அதன் பிடியைச் சரியாக வைத்து, பிடிக் குமிழின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார். "இந்தப் புள்ளிய எப்பவும் மேல பாத்தமாதிரி வெச்சுக்கணும். அதத் தாண்டித் திருகினா நான் கல்லறையிலேர்ந்து வந்து கேப்பேன்" என்றார்.

ஆர்டிஸ் அம்மையாரின் நகச் சாயம்தான் அது. உங்கள் ரீல்களிலும் இருக்கிறதல்லவா அந்தப் புள்ளி? இருப்பவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள்! எத்தனை கைகள்!

அந்தக் கோலோடு வில்மா முதல்முறை ஏரிக்கு வந்த நாளில் படகில் மூன்று பேர். டெல்மர், வில்மா, நான். ஜூன் மாதம், காலை, தண்ணீர் கண்ணாடி மாதிரி. படகை நடைவேகத்தில் விட்டு, இரும்புக் குண்டை நாற்பதடி ஆழத்துக்கு இறக்கி, பளபளக்கும் தகட்டுக்குப் பின்னால் ரோஜா நிறத் தூண்டிலும், டூனா மீன் எண்ணெயில் ஊறிய வெள்ளைச் சோளமுமாக இழுத்துப் போனோம். வில்மாவின் கோல் நிமிர்ந்தது, குனிந்தது, ஆடியது. ஒரு கையால், ஒரே கையால் நண்பர்களே, வில்மா அந்த மீனைக் கொண்டுவந்து டெல்மரின் கைவலையில் போட்டார்! பதினாறு அங்குலம்!

தலைவர் ஏதோ சொல்கிறார். பதினேழாம். சரி, பதினேழு.

அப்படி அவர் அன்று ஐந்து மீன் பிடித்தார். இரண்டு முழுக் கையோடும் ஒரு விறைப்பான கோலோடும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எத்தனை பிடித்தேன்? எனக்கு ஏழு மீன் கடித்தது. ஏழையும் வெட்டினேன். ஏழும் போயிற்று. ஏழாவது போனபோது ஒரு சின்ன உதடு மட்டும் முள்ளில் வந்தது. டெல்மர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த முள்ளில் சோளத்தைக் கோத்தார். வாயைத் திறந்து திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மாதக் கூட்டத்தில் நான், "சூரியன் கண்ணில் அடித்தது" என்றேன்.

ஆனால் வீட்டுக்குப் போனால் தூக்கம் வரவில்லை. இப்போது நான் சொல்லப்போவது இந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. அதாவது, செவ்வாய்க்கிழமை வரை யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் தொண்ணூறு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு ஸ்போகேன் நகரத்துக்குப் போனேன். எதற்கு? டெல்மருக்குத் தெரியாமல் ஒரு மெலிந்த கோலும் சின்ன ரீலும் வாங்க! அங்கே ஒரு தூண்டில் கடை. கடைக்காரர் பெயர் கேட்டார். "ஸ்மித்" என்றேன். எந்த ஏரி என்றார். டாமராக் ஏரி, கொக்கனிக்கு என்றேன். "அங்க யாருக்கும் தெரிய வேணாம்" என்று வேறு சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரக்கு வரணும், வியாழக்கிழமை வாங்க" என்றார். வியாழக்கிழமை போனேன். அப்பா, என்ன கோல்! என்ன ரீல்! நரம்பெல்லாம் சுற்றித் தயாராக இருந்தது. முள்ளைக் கட்டியிருந்த முடிச்சைக்கூட நான் இன்றுவரை அறுக்கவில்லை. அவ்வளவு நல்ல முடிச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கடைக்காரரிடம் ஒரு பாராட்டும் சொன்னேன்.

"எங்க ஏரியில ஒருத்தன் இருக்கான். கோலப் பத்தித் தனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நெனப்பு. நீங்க அவனுக்கு நூறு மடங்கு மேல."

கடைக்காரர் இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆறு வருடமாக அந்தக் கோலில்தான் நான் மீன் பிடிக்கிறேன், நண்பர்களே. துறையிலிருந்து கிளம்பும்போது பழைய விறைப்புக் கோல் எல்லோரும் பார்க்க நிமிர்ந்து நிற்கும். வடக்கு முனை திரும்பியதும் தார்ப்பாயைத் தூக்கி மெலிந்த கோலை எடுப்பேன். திரும்பி வரும்போது மறுபடியும் தார்ப்பாய். "பாத்தியா டெல்மர், வெளக்குமாத்துக் கட்டையிலயே பதினஞ்சு மீன்!" என்று கூடையைக் காட்டுவேன். "அதிசயம்தான் ராலி, அதிசயம்தான்" என்பார் அவர், தாடியைத் தடவிக்கொண்டு. நானும் ஏதோ அவரை ஜெயித்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவேன்.

போன மாதம் அவருக்கு இதயம் ரொம்பவும் தளர்ந்துவிட்டது. ஏரி தெரிகிற சன்னல் பக்கம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். பார்க்கப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அவரே வழியும் விட்டுக்கொடுத்தார்.

"ராலி, உன் கோல எடுத்துட்டு வந்திருந்தா ரீலத் தொடச்சுக் குடுத்திருப்பேனே. கை சும்மா இருக்குது."

"எந்தக் கோல? வெளக்குமாத்துக் கட்டையவா?"

"உங்கிட்ட வேற இருக்கா என்ன?"

சிரித்தார். நான் என்ன செய்தேன்? காற்று எப்படி, மழை எப்படி என்று பேசினேன். காபி குடித்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்து அவர் போய்விட்டார். இத்தனை சிரிப்புக்கு நடுவிலும் அது என் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கிறது. அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது.

செவ்வாய்க்கிழமை, இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி கேட்க ஆர்டிஸ் அம்மையார் வீட்டுக்குப் போனேன். கடைசி நாற்காலியை நான் வண்டிக்குத் தூக்கிப் போகும்போது, வாசலில் நின்றுகொண்டு கேட்கிறார்:

"ராலி, கூட்டத்துக்கு வரும்போது படகுல தார்ப்பாய்க்கு அடியில இருக்கறதையும் எடுத்துட்டு வர்றீங்களா?"

என் கையிலிருந்த நாற்காலி காலில் விழுந்தது.

"உங்களுக்கு... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மிஸ்டர் ஸ்மித், அந்தக் கோல எங்க வீட்டுச் சமையலறையிலதான் டெல்மர் கட்டினாரு. அந்த ஸ்போகேன் கடைக்காரரு இவருக்குப் பழைய சிநேகிதர், அவர்கிட்டேர்ந்து போன் வந்துச்சு. 'டெல்மர், ஒரு ஆள் வந்திருக்கான், கைகுலுக்கி என் மோதிரத்தையே நெளிச்சுட்டான், பேரு ஸ்மித்துங்கறான், உன் ஏரியாம்'னு. இவரு போன வெச்சதும் வேற எந்த வேலையும் பாக்கல. உங்க கை முரட்டுக் கைன்னு, இருந்ததிலேயே மெலிசான கோலா எடுத்தாரு. புதன்கிழமை அவரே ஓட்டிட்டுப் போய்க் குடுத்துட்டு வந்தாரு."

"அப்ப... நூறு மடங்குன்னு நான் சொன்னது?"

"வியாழக்கிழமை சாயங்காலமே போன்ல வந்துடுச்சு. மூணு நாள் சிரிச்சாரு. சாப்பிடறப்ப சிரிச்சு ஒரு தடவ புரை ஏறிடுச்சு."

"ஏன் என்கிட்ட கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! ஆறு வருஷம்!"

"நானும் அதத்தான் கேட்டேன். 'வேணாம் ஆர்டிஸ்'னாரு. 'இழுத்தா உதடுதான் வரும். விட்டுக் குடுத்தா அவனே வருவான்'னாரு."

பாருங்கள் நண்பர்களே! மீனுக்குச் சொன்னதை எனக்கும் செய்திருக்கிறார்! ஆறு வருடம் நரம்பை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள்கூட வெட்டி இழுக்கவில்லை. இப்படியொரு பொறுமைக்காரரை, இப்படியொரு குறும்புக்காரரை, இப்படியொரு நண்பனை எந்த ஏரியில் தேடுவேன் நான்?

வீட்டுக்குப் போனதும் கோலிலிருந்து ரீலைக் கழற்றச் சொல்லியிருந்தார் ஆர்டிஸ். கழற்றினேன். இதோ, அந்த ரீல். எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்கிறேன். உங்களுக்கெல்லாம் குமிழின் மேல் வைத்தார் அல்லவா? எனக்கு அடியில் வைத்திருக்கிறார், கோலில் பொருந்துகிற பாதத்துக்கு அடியில், நான் பார்க்க முடியாத இடத்தில். சிவப்புப் புள்ளி! நானும் உங்களில் ஒருவன்தான் என்று ஆறு வருடத்துக்கு முன்பே முத்திரை குத்திவிட்டு, என் மானத்துக்காக அதை மறைத்தும் வைத்த மனிதருக்குத்தான் இன்று நாம் விடை கொடுக்கிறோம்.

அந்தப் பச்சைக் கூரைக் கடையைப் பூட்டிவிடுவார்களோ என்று உங்களில் பலர் என்னிடம் கவலைப்பட்டீர்கள். பூட்ட மாட்டோம். ஆர்டிஸ் அம்மையாரிடம் பேசிவிட்டேன். மீன்பிடிக்க ஏரி திறக்கும் நாளிலிருந்து சனிக்கிழமை தோறும் கல்லாவுக்குப் பின்னால் நான் நிற்பேன். நேற்றைய செய்தித்தாளும் சோள ஜாடியும் என் பக்கத்தில் இருக்கும். விறைப்புக் கோலைத் தோளில் சாத்திக்கொண்டு எவனாவது வந்தால் முதலில் கைகுலுக்குவேன். அவன் கதை எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். சரியான கோலைக் கையில் கொடுப்பேன். வேண்டாம் என்று முறைத்துக்கொண்டு போனால் போகட்டும், ஸ்போகேனுக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டு வைப்பேன். நகச் சாயக் குப்பியை ஆர்டிஸ் நேற்றே என் சட்டைப் பையில் போட்டுவிட்டார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டாள். அது தனிக் கதை.

டெல்மர்! இத்தனை பேர் முன்னால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஏரியில் ஒரு கொக்கனியின் உதடும் இனி வீணாகக் கிழியாமல் பார்த்துக்கொள்கிறோம். உன் ரீல்கள் திக்காது. உன் புள்ளிகள் அழியாது. அழிந்தால் மறுபடி வைப்போம்.

தலைவர் அவர்களே, அந்த மணியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். விதி எனக்குத் தெரியும். தட்டியதும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. சொன்னதும் உட்கார்ந்துவிட வேண்டும். அதனால் காசரோலைச் சூடு பண்ணப் போகிறவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம்.

டிங்!

தப்பு என் மேலதான்.